சீன மை ஓவியத்தில் பைன் மரமும் மலையும்

சீன நிலத்தோற்ற ஓவியங்களில் மிகுதியாக வரையப்பட்ட பொருட்களுள் முதன்மையானவை மலையும் பைன் மரமும் ஆகும். தூரிகையையும் கரிய மையையும் கொண்டு பட்டின் மீதோ காகிதத்தின் மீதோ வரையப்படும் இவ்வகை ஓவியங்கள் சீன மொழியில் ஷான்சுயி எனப்படுகின்றன. கி.பி. 10 ஆம் நூற்றாண்டில் ஒரு முதன்மையான ஓவிய மரபாக வளர்ந்த இது, சீனாவில் இன்றும் பயிலப்பட்டு வருகின்றது. கொரியா, யப்பான் ஆகிய நாடுகளின் ஓவியக்கலையிலும் இதன் செல்வாக்கு உண்டு.

இவ்வோவியங்களில் மலை நிலைபேற்றுக்கும் உலக ஒழுங்குக்கும், பைன் மரம் இடர்க்காலத்தில் தன் இயல்பு மாறாது நிற்கும் மனிதருக்கும் குறியீடாக விளங்கின. அத்துடன், ஓவியர்கள் பயன்படுத்திய மையே நெடுங்காலமாகப் பைன் மரத்தை எரித்துப் பெறும் புகைக்கரியிலிருந்து செய்யப்பட்டு வந்தது. எனவே இம்மரபில் பைன் வரையப்படும் பொருளாக மட்டுமன்றி வரைவதற்கான மூலப்பொருளாகவும் இருந்துள்ளது.

பெயர்

ஷான் என்னும் சீனச் சொல் மலையையும், சுயி என்பது நீரையும் குறிக்கும். இவ்விரண்டும் சேர்ந்து 'மலையும் நீரும்' என்ற பொருளில் நிலத்தோற்ற ஓவியத்தின் பெயராக வழங்குகின்றன. மலை அசையாதது, நீர் ஓடிக்கொண்டே இருப்பது. இவ்விரு எதிர் இயல்புகளின் சேர்க்கையே இயற்கை என்னும் எண்ணம் இப்பெயரில் அடங்கியுள்ளது. மரங்கள் பெயரில் இடம்பெறாவிட்டாலும், அவை இன்றி வரையப்பட்ட மலைகள் மிகச் சிலவே. பைன் மரம் சீன மொழியில் சோங் எனப்படுகின்றது. சோங் என்ற அரசமரபின் பெயர் வேறு எழுத்தால் எழுதப்படும் வேறு சொல்லாகும்.

பைன் மரத்தின் இயல்பு

பைன் என்பது ஆண்டு முழுவதும் பசுமையாக இருக்கும் ஊசியிலை மர இனமாகும். சீனாவில் பல வகைப் பைன் மரங்கள் வளர்கின்றன. அவற்றுள் ஓவியங்களைப் புரிந்துகொள்ளப் பின்வரும் மூன்றும் முக்கியமானவை.

வட சீனாவின் மலைகளில் சீனச் செம்பைன் பரவலாகக் காணப்படுகின்றது. முதிர்ந்த மரத்தின் தலைப்பகுதி மேசையைப் போலத் தட்டையாக அமைவதால், தாவரவியலில் இதற்குப் பைனஸ் டாபுலிபார்மிஸ் என்று பெயரிடப்பட்டுள்ளது.

தென் சீனாவின் தாழ்ந்த மலைகளில் மாசன் பைன் மிகுதியாக வளர்கின்றது.

கிழக்குச் சீனாவின் உயர்ந்த மலைகளில் ஹுவாங்ஷான் பைன் வளர்கின்றது. கருங்கற் பாறைகளின் வெடிப்புகளில் வேரூன்றும் இம்மரம், காற்றின் திசைக்கேற்ப வளைந்து, கிளைகளைக் கிடைமட்டமாக நீட்டி நிற்கும்.

படுக்கைவாட்டில் அடுக்கடுக்காக நீளும் கிளைகள், செதில் செதிலான பட்டை, பாறையைப் பற்றி வெளியே தெரியும் வேர்கள் ஆகியவை சீன ஓவியங்களில் அடிக்கடி வரும் கூறுகள் ஆகும். இவை ஓவியரின் கற்பனை என்று பலர் கருதுவதுண்டு. ஆனால் மேற்கூறிய மலைகளில் முதிர்ந்த பைன் மரங்கள் உண்மையிலேயே இவ்வாறு தான் உள்ளன.

குறியீட்டுப் பொருள்

பிற மரங்கள் இலையுதிர்த்து நிற்கும் குளிர்காலத்தில் பைனின் பசுமை தனித்துத் தெரிகின்றது. இதனை மனிதரின் உறுதிக்கு ஒப்பிடும் வழக்கம் மிகப் பழமையானது. கன்பூசியசின் கூற்றுக்களைத் தொகுத்துள்ள நூலிலேயே இக்கருத்து இடம்பெற்றுள்ளது. பிற்காலத்தில் பைன், மூங்கில், பிளம் ஆகிய மூன்றும் 'குளிர்காலத்தின் மூன்று நண்பர்கள்' எனப் பெயர்பெற்று, ஒரே ஓவியத்தில் சேர்த்து வரையப்பட்டன.

தாவோயியத்தில் பைன் நீண்ட ஆயுளின் குறியீடு ஆகும். பைன் பிசினையும் ஊசியிலைகளையும் உண்டு நெடுங்காலம் வாழ்ந்த மலைத்துறவிகள் பற்றிய கதைகள் பல உள்ளன. இதனால் பைனும் நாரையின் தோற்றமுடைய கொக்கும் சேர்ந்த ஓவியங்கள் முதியோரின் பிறந்தநாளுக்குப் பரிசாக அளிக்கப்பட்டன.

கி.மு. 219 இல் தாய் மலையில் ஏறிய சின் பேரரசர் சின் ஷி ஹுவாங், மழையின்போது தமக்கு ஒதுங்க இடம் தந்த ஒரு மரத்துக்கு அரசுப் பட்டம் வழங்கினார் என்று பண்டைய வரலாற்றாசிரியர் சிமா சியான் குறிப்பிடுகின்றார். அம்மரம் பைன் என்பது பிற்கால மரபு.

வரலாறு

தொடக்க காலம்

மலையை ஓவியமாக வரைவதன் நோக்கம் பற்றிய மிகப் பழைய கட்டுரைகளுள் ஒன்றை எழுதியவர் சோங் பிங் (375–443) ஆவார். முதுமையால் மலையேற இயலாத நிலையில், தாம் முன்பு கண்ட மலைகளை அறையின் சுவர்களில் வரைந்து, படுத்தவாறே அவற்றில் உலவினார் என்று இவரைப் பற்றிக் கூறப்படுகின்றது. ஓவியத்தைப் பார்ப்பது மலையில் நடப்பதற்கு ஈடானது என்ற எண்ணம் பின்னர் இம்மரபு முழுவதற்கும் அடிப்படையானது.

தாங் அரசமரபுக் காலத்தில் (618–907) பைன் மரம் வரைவதில் புகழ்பெற்றவர் ஜாங் சாவ். இவர் ஒரே நேரத்தில் இரண்டு தூரிகைகளைப் பிடித்து, ஒன்றால் உயிருள்ள கிளையையும் மற்றொன்றால் பட்டுப்போன கிளையையும் வரைந்தார் என அக்கால ஓவிய நூல் ஒன்று கூறுகின்றது. புற உலகின் இயற்கையை ஆசிரியராகக் கொள்வதும் அகத்தின் ஊற்றிலிருந்து பெறுவதும் ஓவியத்துக்கு வேண்டும் என்பது இவரது கொள்கை. இவர் வரைந்த ஓவியம் எதுவும் இன்று எஞ்சவில்லை.

ஜிங் ஹாவ்

தாங் அரசு 907 இல் வீழ்ந்ததைத் தொடர்ந்து சீனா பல சிற்றரசுகளாகப் பிளவுபட்டது. இக்குழப்பக் காலத்தில் ஜிங் ஹாவ் என்னும் அறிஞர் வட சீனாவின் தாய்ஹாங் மலைத்தொடரில் ஒதுங்கி வாழ்ந்தார். இவர் எழுதிய 'தூரிகை முறை பற்றிய குறிப்பு' என்னும் சிறுநூல், பைன் மரத்தை மையமாகக் கொண்டு ஓவியக் கோட்பாட்டை விளக்குகின்றது.

இந்நூலில், மலையிடுக்கு ஒன்றில் பழமையான பைன் மரங்களைக் கண்டு வியந்த ஒருவர், மறுநாள் தூரிகையுடன் திரும்பி வந்து அவற்றை வரையத் தொடங்குகின்றார். பல்லாயிரம் முறை வரைந்த பின்னரே அவை உண்மையான மரங்களைப் போல அமைகின்றன. அடுத்த ஆண்டு வசந்த காலத்தில் அவர் ஒரு முதியவரைச் சந்திக்கின்றார். வடிவத்தை மட்டும் பிடித்து உயிர்ப்பை விட்டுவிடுவது வெறும் ஒப்புமை எனவும், இரண்டையும் பிடிப்பதே உண்மை எனவும் முதியவர் விளக்குகின்றார். உயிர்ப்பு, இசைவு, சிந்தனை, காட்சி, தூரிகை, மை ஆகிய ஆறும் ஓவியத்துக்கு இன்றியமையாதவை என இந்நூல் வகுக்கின்றது.

இதிலிருந்து இரு செய்திகள் தெளிவாகின்றன. சீன ஓவியர்கள் இயற்கையைப் பாராமல் மனம்போன போக்கில் வரைந்தனர் என்பது சரியன்று. அதேவேளை, பார்த்ததை அப்படியே படியெடுப்பதும் அவர்களின் நோக்கமாக இருக்கவில்லை.

வட சோங் காலம்

வட சோங் காலம் (960–1127) மலை ஓவியத்தின் உச்சக்கட்டமாகக் கருதப்படுகின்றது. இக்காலத்தைச் சேர்ந்த மூன்று பெரிய தொங்கு சுருள் ஓவியங்கள் தைபேயில் உள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

ஃபான் குவான் வரைந்த 'மலைகளுக்கும் ஓடைகளுக்கும் இடையே பயணிகள்' கி.பி. 1000 ஆம் ஆண்டை ஒட்டியது. 206.3 செ.மீ. உயரமும் 103.3 செ.மீ. அகலமும் கொண்டது. பட்டின் பெரும்பகுதியை ஒரே மலை நிறைத்து நிற்கின்றது. அடிவாரத்தில் சுமை விலங்குகளை ஓட்டிச் செல்லும் மனிதர்கள் எறும்புகளைப் போலத் தோன்றுகின்றனர். இடைப்பட்ட குன்றின் மீதுள்ள மரங்களே பார்ப்பவருக்கு அளவுகோலாக உதவுகின்றன. முதலில் மனிதரையும், பின்னர் மரத்தையும், அதன் பின்னர் மலையையும் ஒப்பிடும்போது மலையின் பேருரு விளங்குகின்றது. ஓவியரின் கையொப்பம் வலப்பக்க இலைகளுக்கிடையே மறைந்திருந்தது 1958 இல் கண்டறியப்பட்டது.

குவோ சி 1072 இல் வரைந்த 'இளவசந்தம்' மூடுபனியிலிருந்து வெளிப்படும் மலையைக் காட்டுகின்றது. குவோ சி அரசவை ஓவியர். இவரது கருத்துக்களை இவரது மகன் குவோ சு நூலாகத் தொகுத்தார். பெரிய மலை சூழ்ந்துள்ள குன்றுகளுக்குத் தலைமை தாங்குவது போல, உயர்ந்த பைன் மரம் பிற மரங்களுக்குத் தலைமை தாங்குகின்றது என்பது அந்நூலின் கருத்துக்களுள் ஒன்று. மலையைப் பேரரசருக்கும் பைனைப் பண்பிற் சிறந்த மனிதருக்கும் இது ஒப்பிடுகின்றது. இவ்வகையில் 'இளவசந்தம்' நல்லாட்சியின் ஓவியமாகவும் கொள்ளப்படுகின்றது.

லி டாங் 1124 இல் வரைந்த 'எண்ணற்ற பள்ளத்தாக்குகளில் பைன் காற்று' என்னும் ஓவியத்தில் மனிதர் எவரும் இல்லை. அடர்ந்த பைன் காடு முன்னே நிற்க, கோடரியால் வெட்டியவை போன்ற பாறைகள் பின்னே எழுகின்றன. ஆண்டும் ஓவியரின் பெயரும் பின்னாலுள்ள ஒடுங்கிய சிகரம் ஒன்றின் மீது பொறிக்கப்பட்டுள்ளன. இது வரையப்பட்டு மூன்று ஆண்டுகளுக்குள் வட சோங் அரசு ஜின் படைகளிடம் வீழ்ந்தது. லி டாங் தெற்கே ஹாங்சோவுக்குச் சென்று, புதிய அரசவையில் பணியாற்றினார்.

தென் சோங் காலம்

தலைநகர் தெற்கே மாறிய பின்னர் மலை ஓவியத்தின் அமைப்பும் மாறியது. நடுவே நின்ற பெருமலை மறைந்து, காட்சி ஒரு மூலைக்கு ஒதுங்கியது. எஞ்சிய பகுதி வெற்றிடமாக, பனிமூட்டமாக விடப்பட்டது. இதனால் மா யுவான் 'ஒரு மூலை மா' எனவும், சியா குயி 'அரைப்பக்க சியா' எனவும் பட்டப்பெயர் பெற்றனர். மா யுவானின் பைன் மரங்களில் கிளைகள் கூர்மையான கோணங்களில் மடிந்து நீளுகின்றன. இவரது மகன் மா லின் 1246 இல் வரைந்த ஓவியத்தில் அறிஞர் ஒருவர் பைன் மரத்தடியில் அமர்ந்து காற்றின் ஒலியைச் செவிமடுக்கின்றார். கண்ணுக்குப் புலப்படாத காற்றை வளைந்த ஊசியிலைகளாலும் கொடிகளாலும் உணர்த்துவது இவ்வோவியத்தின் சிறப்பாகும்.

யுவான், மிங் காலங்கள்

மங்கோலியரின் யுவான் ஆட்சியில் (1271–1368) அரசவைக்கு வெளியே இருந்த அறிஞர்கள் ஓவியத்துக்குத் தலைமை தாங்கினர். பட்டுக்குப் பதிலாகக் காகிதம் பரவலாகப் பயன்பட்டது. எழுத்துக்கலையின் கோடுகளே ஓவியத்தின் கோடுகளாயின. சோங் அரச குடும்பத்தில் பிறந்து யுவான் அரசில் பணியாற்றிய ஜாவ் மெங்ஃபு (1254–1322) வரைந்த 'இரட்டைப் பைன்கள்' என்னும் கைச்சுருள் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. இதில் தொலைமலைகள் சில கோடுகளாக மட்டுமே உள்ளன.

ஹுவாங் கோங்வாங் 1350 இல் நிறைவு செய்த 'ஃபூச்சுன் மலை வாழ்வு' என்னும் நெடுஞ்சுருள் இக்காலத்தின் மிகப் புகழ்பெற்ற படைப்பு. 1650 இல் அதன் உரிமையாளர் இறக்கும் தறுவாயில் அதனை எரிக்கச் செய்தார். உறவினர் ஒருவர் தீயிலிருந்து மீட்டபோதிலும் அது இரண்டு துண்டுகளாகியது. ஒரு துண்டு ஹாங்சோவிலும் மற்றொன்று தைபேயிலும் உள்ளன. இரண்டும் 2011 இல் தைபேயில் ஒன்றாகக் காட்சிக்கு வைக்கப்பட்டன.

மிங் காலத்தில் ஷென் ஜோவ் 1467 இல் வரைந்த 'உயர்ந்த லூ மலை' அவரது ஆசிரியரின் எழுபதாவது பிறந்தநாளுக்கான பரிசாகும். மலை ஆசிரியரின் பெருமையையும், அடிவாரத்துப் பைன் அவரது நீண்ட ஆயுளையும் குறிக்கின்றன.

ஹுவாங்ஷான் ஓவியர்கள்

அன்ஹுய் மாகாணத்தில் உள்ள ஹுவாங்ஷான் மலை 1864 மீட்டர் உயரமான சிகரத்தைக் கொண்டது. 1644 இல் மிங் அரசு வீழ்ந்து மஞ்சூக்களின் சிங் ஆட்சி தொடங்கியது. புதிய ஆட்சியை ஏற்க விரும்பாத பலர் துறவு பூண்டனர். அவர்களுள் ஒருவரான ஹோங்ரென் (1610–1664) ஹுவாங்ஷானின் பாறைகளை நிழலின்றி மெல்லிய கோணக் கோடுகளால் வரைந்தார். வெறும் பாறையில் மண்ணின்றி வளரும் பைன் இவரது ஓவியங்களில் திரும்பத் திரும்ப வருகின்றது. தன் மண்ணை இழந்தவருக்கு இம்மரம் எதனை உணர்த்தியிருக்கும் என்பதை அக்கால வாசகர் எளிதில் அறிந்திருப்பர். மிங் அரச குடும்பத்தில் பிறந்து சிறுவயதிலேயே துறவியான ஷிதாவ் (1642–1707), மெய் சிங் (1623–1697) ஆகியோரும் இம்மலையை வரைந்தனர்.

வரையும் முறை

மை ஓவியத்தில் ஒருமுறை இட்ட கோட்டை அழிக்க இயலாது. மையுடன் சேர்க்கும் நீரின் அளவைக் கொண்டே அடர்வும் வெளிர்வும் பெறப்படுகின்றன.

மலையின் பரப்பைக் காட்டப் பயன்படும் கோடுகள் சுன் எனப்படுகின்றன. இவை பாறையின் வகைக்கேற்ப மாறுபடும். ஃபான் குவான் பயன்படுத்திய மழைத்துளிச் சுன் சிறுசிறு குத்துகளால் ஆனது. லி டாங்கின் கோடரிவெட்டுச் சுன், தூரிகையைச் சாய்த்து இழுப்பதால் உண்டாவது. ஹுவாங் கோங்வாங் பயன்படுத்திய சணல்நார்ச் சுன் மண் மூடிய மென்மையான குன்றுகளுக்கு ஏற்ற நீண்ட கோடுகளால் ஆனது.

பைன் மரத்தின் பட்டை மீன் செதில் போன்ற ஒழுங்கற்ற வளையங்களாலும், ஊசியிலைகள் விசிறி அல்லது சக்கர வடிவில் ஒரு மையத்திலிருந்து விரியும் மெல்லிய கோடுகளாலும் வரையப்படுகின்றன. 1679 இல் நாஞ்சிங்கில் வெளிவந்த 'கடுகுத் தோட்ட ஓவியக் கையேடு' இம்முறைகளை மாணவர்களுக்குப் படங்களுடன் கற்பிக்கின்றது. மா யுவான், வாங் மெங் முதலியோரின் பைன்கள் அதில் தனித்தனியே காட்டப்பட்டுள்ளன.

தொலைவைக் காட்டுவதற்கு குவோ சி மூன்று முறைகளைக் குறிப்பிடுகின்றார். அவை அடிவாரத்திலிருந்து சிகரத்தை அண்ணாந்து பார்க்கும் உயர் தொலைவு, மலையின் முன்புறமிருந்து அதற்கு அப்பால் நோக்கும் ஆழ் தொலைவு, அருகிலுள்ள மலையிலிருந்து எட்டவுள்ள மலைகளை நோக்கும் சமதளத் தொலைவு என்பன. ஒரே ஓவியத்தில் இவை கலந்து வருவதால், பார்ப்பவரின் கண் ஓரிடத்தில் நில்லாமல் மலையில் நடப்பது போல நகர்கின்றது.

பைன் புகைக்கரி மை

சீன மை திண்மக் கட்டியாகச் செய்யப்பட்டு, தேவைப்படும்போது மைக்கல்லில் நீர் விட்டு உரைத்துப் பயன்படுத்தப்படுகின்றது. புகைக்கரியும், வச்சிரம் எனப்படும் விலங்குப் பசையும் இதன் முதன்மைக் கூறுகள் ஆகும். சோங் யிங்சிங் 1637 இல் வெளியிட்ட தொழில்நுட்ப நூல் இதன் செய்முறையை விளக்குகின்றது. முதலில் மரத்தின் பிசின் வடிக்கப்படும். பின்னர் நீண்ட மூங்கில் கூண்டின் ஒரு முனையில் மரத்துண்டுகள் எரிக்கப்படும். தீயிலிருந்து மிகத் தொலைவில் படியும் புகைக்கரியே மிக நுண்ணியது, உயர்ந்த மைக்கு உரியது. அக்காலத்து மையில் பத்தில் ஒன்பது பங்கு பைன் புகைக்கரியால் ஆனது எனவும் அந்நூல் கூறுகின்றது. எஞ்சியது எண்ணெய்ப் புகைக்கரி ஆகும். எண்ணெய்ப் புகைக்கரி மை பளபளப்பானது. பைன் மையோ பளபளப்பற்ற, சற்றே நீலம் கலந்த கருமை உடையது.

இத்தொழிலுக்காகப் பெருமளவு மரங்கள் வெட்டப்பட்டன. சோங் கால அறிஞரான ஷென் குவோ (1031–1095) கிழக்கே ஷாண்டோங் பகுதியில் பைன் காடுகள் அழிந்துவிட்டன எனவும், தாய்ஹாங் முதல் தென்பகுதி வரையிலான மலைகளும் பெரும்பாலும் மொட்டையாகிவிட்டன எனவும் பதிவு செய்துள்ளார். ஜிங் ஹாவ் பல்லாயிரம் முறை பைன் வரைந்த அதே தாய்ஹாங் தான் இது. பைனுக்கு மாற்றாக, நிலத்திலிருந்து ஊறும் கல்லெண்ணெயின் புகையிலிருந்து ஷென் குவோ மை செய்து பார்த்தார். அதன் கருமையை அவர் பாராட்டிய போதிலும் அது பைன் மைக்கு மாற்றாக நிலைபெறவில்லை.

பிற நாடுகளில்

யப்பானில் 16 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹசெகாவா தோஹாகு வரைந்த 'பைன் மரங்கள்' என்னும் மடிப்புத் திரை, மூடுபனியில் மறையும் மரங்களை மையால் மட்டுமே காட்டுகின்றது. தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள இது, அந்நாட்டின் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டுள்ளது. கொரியாவின் ஜொங் சொன் தம் நாட்டு மலைகளை நேரில் கண்டு வரைந்தார். சியோலில் உள்ள இன்வாங் மலையை மழைக்குப் பின்னர் காட்டும் இவரது ஓவியம் 1751 இல் வரையப்பட்டது.

இன்றைய நிலை

20 ஆம் நூற்றாண்டிலும் ஓவியர்கள் ஹுவாங்ஷானுக்குச் செல்வது தொடர்ந்தது. லியூ ஹாய்சு (1896–1994) 1918 க்கும் 1988 க்கும் இடையே பத்து முறை இம்மலையில் ஏறி வரைந்தார். 1990 இல் ஹுவாங்ஷான் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள 'விருந்தினரை வரவேற்கும் பைன்' என்னும் முதிய மரம் சீனாவெங்கும் அறியப்பட்டது. அதனைப் பராமரிப்பதற்கெனத் தனிக் காவலர் பணியில் உள்ளார்.

இன்று சீனாவின் பைன் மரங்களுக்குப் பெரும் அச்சுறுத்தலாக இருப்பது பைன் வாடல் நோய் ஆகும். வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ஒரு நூற்புழுவால் இந்நோய் உண்டாகின்றது. நீள்கொம்பு வண்டுகள் இப்புழுவை ஒரு மரத்திலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு செல்கின்றன. தொற்றிய மரம் சில மாதங்களிலேயே ஊசியிலைகள் சிவந்து பட்டுப்போகக்கூடும். குளிர்காலத்திலும் பசுமை மாறாதது என்று போற்றப்பட்ட மரத்துக்கு இந்நோய் பெரும் கேடாக உள்ளது. சீனாவில் இது முதன்முதலாக 1982 இல் நாஞ்சிங்கில் கண்டறியப்பட்டுப் பின்னர் பல மாகாணங்களுக்குப் பரவியது. ஹுவாங்ஷானைப் பாதுகாக்க, நோயுற்ற மரங்களை அகற்றுதல், பைன் மரப்பொருட்கள் மலைப்பகுதிக்குள் வருவதைத் தடுத்தல் முதலிய நடவடிக்கைகள் மேற்கொள்ளப்படுகின்றன.

பழைய ஓவியங்களும் எளிதில் சிதையக்கூடியவை. ஒளியால் பட்டு நிறம் மங்கி நொறுங்குவதால், வட சோங் காலச் சுருள்கள் தொடர்ந்து காட்சிக்கு வைக்கப்படுவதில்லை. குறுகிய காலம் காட்டப்பட்ட பின்னர் அவை மீண்டும் சுருட்டப்பட்டு நீண்ட காலம் இருட்டறையில் வைக்கப்படுகின்றன.